உச்சி வெயிலில் எரிந்த சொக்கப்பானை

ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு வெயில் எங்கள் அறைச் சுவரில் கோடு கோடாக விழும். யன்னலுக்கு வெளியே தொங்கிய மரத்தட்டியை அம்மா எவ்வளவுதான் இழுத்து இறக்கினாலும், அதன் சட்டங்களுக்கு இடையால் புகுந்து, படுத்திருக்கும் என் கண்ணிமையில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் அந்த வெயிலின் சூடும், கீழே வெட்டிப் போட்ட புல் காயும் வாசனையும், பக்கத்து அறைக்காரர் பொரிக்கும் வெங்காய வாசனையும் சேர்ந்ததுதான் எனக்கு ஜெர்மனியின் கோடைகாலம். நித்திரை வராது. வராத நித்திரைக்கு அம்மாவிடம் ஏச்சும் விழும்.

அம்மாவுக்கு அந்த வெயிலோடு வேறொரு வழக்கு இருந்தது. வருடம் முழுவதும் ஆறரை மணிக்குப் பொழுது படுகிற யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு, "விளக்கு வைக்கிற நேரம்" எது என்று இந்த நாட்டில் பிடிபடவே இல்லை. அலுமாரியின் மேல் தட்டில் சாமிப் படமும் சின்னக் குத்துவிளக்கும் இருந்தன. ஆறு மணிக்கு ஏற்றினால் வெயில் சுடரை விழுங்கிவிடும். பொழுது படட்டும் என்று இருந்தால் ஒன்பதரை ஆகிவிடும். "பட்டப்பகலிலை விளக்கு வைக்கிற வீடு உருப்படுமே?" என்று அம்மா கேட்பார். "கடவுளிட்டை மணிக்கூடு இல்லையப்பா, நீ ஆறு மணிக்கே வைச்சிட்டுப் படு" என்பார் அப்பா. அம்மா கேட்கமாட்டார். கதிரையில் இருந்து தூங்கி விழுந்துகொண்டு சூரியனைக் காவல் காப்பார். ஜூன் மாதம் முழுவதும் எங்கள் அறையில் இந்தச் சண்டைதான்.

அறை என்றுதான் சொல்ல வேண்டும், வீடு என்று சொல்லக்கூடாது. பயர்ன் மாநிலத்தின் வடக்கே, மலையும் காடுமான ஒரு சின்னக் கிராமத்தில், வியாபாரம் படுத்து மூடிப்போன பழைய விடுதி ஒன்றை அகதிகளுக்கான "ஹைம்" ஆக்கியிருந்தார்கள். அதன் இரண்டாம் மாடியில் எங்கள் மூவருக்கும் ஒரு அறை, தாழ்வாரத்தின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவான சமையலறை, கிழமைக்கு இரண்டு தரம் பெட்டியில் வரும் சாப்பாட்டுப் பொருட்கள். அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. காலையில் எழும்பி, சவரம் செய்து, சட்டை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு, போவதற்கு ஓரிடமும் இல்லாமல் கட்டில் விளிம்பில் இருப்பார். அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்ததைவிட எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் எனக்கு நட்டம் ஒன்றுமில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்கு வருடத்தின் மிக நீண்ட பகல் என்பது ஒரு திருவிழா. ஒன்பது மாதம் சாம்பல் நிற வானத்தின் கீழ் முகத்தை இறுக்கிக்கொண்டு திரிந்தவர்கள், ஜூன் மாதம் வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடப்பார்கள். பிள்ளைகள் ஏரியில் குதிப்பார்கள். அந்த நாளை ஒட்டிவரும் சனிக்கிழமை மாலை, ஊருக்கு மேலே இருக்கும் மொட்டைக் குன்றில் பெரிய நெருப்பு வளர்ப்பார்கள். இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே காட்டில் விழுந்த கிளைகளையும் வேலிகளில் நறுக்கியவற்றையும் இழுத்துவந்து ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக அடுக்குவார்கள். பித்தளை வாத்தியங்கள் ஊதுவார்கள், பியர் வடிப்பார்கள், "புறாட்வூர்ஸ்ட்" எனும் இறைச்சிக் குழலைச் சுட்டுத் தின்பார்கள். மஞ்சள் பூப்பூக்கும் ஒரு மூலிகையை வளையமாகக் கட்டி, அந்த வருடத்துக் கெட்டதெல்லாம் போகட்டும் என்று நெருப்பில் எறிவார்கள். தணல் அடங்கியதும் காதலர்கள் கைகோத்துக்கொண்டு அதைத் தாண்டிக் குதிப்பார்கள். கையை விடாமல் குதித்தால் கலியாணம் உறுதியாம்.

அந்த வருடம் தீப்பந்தம் பிடித்துப்போய் நெருப்பு வைக்கும் முறை எங்கள் வகுப்புக்கு வந்திருந்தது. முன்வரிசையில் நடக்க இருவரைத் தெரிந்தார்கள்: அன்யா, நான். ஒரு கிழமையாகப் பள்ளி முற்றத்தில் வெறும் தடிகளைப் பிடித்துக்கொண்டு நடந்து பழகினோம். அந்த ஊரில் என் பெயரைச் சரியாக உச்சரிக்க ஆசிரியர் சிரமப்பட்டுப் பழகியது அந்தக் கிழமைதான்.

அன்யாவின் தகப்பன் லோமன், ஊரின் எல்லையில் கண்ணாடிக் கூடாரங்கள் போட்டுப் பூஞ்செடி வளர்த்து விற்றவர். ஊரின் தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அவர்தான் தலைவர்; ஆகவே நெருப்பை வளர்ப்பதும் அவர், நெருப்பைக் காப்பதும் அவர். கட்டில் விளிம்பில் இருந்து சலித்துப்போன அப்பா, ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், "சும்மா உதவி செய்யிறன் எண்டு சொல்லு, ஒண்டும் தரத் தேவையில்லை" என்று அவரிடம் சொல்லச் சொன்னார். அப்படித்தான் இரண்டு கிழமையாக விறகு இழுத்து அடுக்கினார். யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர், மரக்கொப்பை எப்படி வைத்தால் சரியாது என்று அவருக்குத் தெரியும். லோமன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார், அசைத்துப் பார்த்தார், பிறகு என்னிடம் சொன்னார்: "உன் அப்பாவிடம் சொல். திருவிழா முடிந்து திங்கட்கிழமை நான் வருகிறேன். வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன். இவரைப் போல ஒருவர் எனக்கு வேண்டும்."

அதை நான் தமிழில் சொன்னபோது அப்பா தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். அன்று இரவு அம்மாவிடம், விண்ணப்பத்துக்கான ஜெர்மன் சொல்லிலேயே, "அன்ட்ராக் போடப் போறார், ஓமெண்டிட்டார்" என்று மூன்று தரம் சொன்னார். வேலை கிடைத்தால் ஹைமை விட்டு வெளியே குடியிருக்க விடுவார்கள். அம்மா அந்த நிமிடமே மனதுக்குள் ஒரு சமையலறை கட்டி, அதில் அம்மியை எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அம்மி எங்கே கிடைக்கும் என்பது வேறு கதை.

இவ்வளவும் நன்றாகத்தான் போனது. அப்பா மட்டும் அந்த விறகுக் குவியலை விறகுக் குவியலாகப் பார்த்திருந்தால் அதன் பிறகும் நன்றாகப் போயிருக்கும். அவருக்கு அது சொக்கப்பானையாகத் தெரிந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று எங்கள் ஊர்க் கோயில்களின் முன்னால் மரம் நட்டு, பனையோலை சுற்றிக்கட்டி, பூசை முடிந்து, உள்ளேயிருந்து தீபம் கொண்டுவந்து கொளுத்துவார்களே, அது. "பூசையும் இல்லை, தீபமும் இல்லை. சூரியன் உச்சத்திலை நிக்கிற நாளிலை அவருக்கு ஒண்டும் காட்டாமல் நெருப்பை வைச்சு இறைச்சி சுடப் போகினம்" என்று இரண்டு நாளாக முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். மாலையில் பியரும் இறைச்சியும் வந்துவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய ஏலாது. ஆகவே மத்தியானமே ஒரு கற்பூரம் காட்டிவிடுவது என்று முடிவுசெய்து, அம்மாவுக்குச் சொல்லாமல், சாமித் தட்டில் இருந்த டப்பாவில் இரண்டு கட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கும் சொல்லவில்லை. "குன்றுக்குப் போறன், வாறியோ?" என்றுதான் கேட்டார். மஞ்சள் பூப் பறிக்கலாம் என்று நானும் போனேன்.

காலையில் அடுக்கியவர்கள் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மூன்று மணிக்கு வந்து குவியலைப் பிரித்து மறுபடி அடுக்குவார்கள்; முள்ளெலிகள் உள்ளே போய்ப் படுத்திருக்கும், அவற்றை எடுத்துக் காட்டில் விட்ட பிறகுதான் நெருப்பு வைப்பது வழக்கம். வகுப்புப் பிள்ளைகளும் அதைப் பார்க்க வருவார்கள். அப்பா ஒரு தடியை நிலத்தில் குத்தி, அதன் நிழல் மிகக் குறுகும்வரை காத்துக்கொண்டு நின்றார். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கும் இந்த நாட்டில் உச்சிப் பொழுது ஒன்றேகாலுக்குத்தான் வருகிறது. குவியலின் அடியில் ஒரு தட்டைக் கல்லை வைத்தார், அதில் கற்பூரத்தை வைத்தார், நெருப்புக் குச்சியை உரசினார். கிழக்கும் மேற்கும் இல்லாமல் நேரே தலைக்கு மேலே பார்த்துக் கும்பிட்டார். இருபதடி தள்ளி இருந்த நான் அதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

ஒரு காற்று வந்தது, அவ்வளவுதான். இரண்டு கிழமை வெயிலில் காய்ந்த ஊசியிலைக் கொப்பு ஒன்று கல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நெருப்பென்றால் செக்கச்செவேல் என்று எரியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த உச்சி வெயிலில் சுவாலை கண்ணுக்கே தெரியவில்லை. காற்று நெளிவது தெரிந்தது. கொப்புகள் தாமாகவே கறுத்துச் சுருள்வது தெரிந்தது. பிசின் வெடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா தொப்பியால் அடித்தார், காலால் மிதித்தார், சட்டையைக் கழற்றி அடித்தார். பிறகு என்னை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து, புகை எழும்பி ஊர் முழுவதற்கும் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ஓடிவந்தவர் லோமன், வாயில் சாப்பாடு இன்னும் இருந்தது. அவருக்குப் பின்னால் தொண்டர்கள் நால்வர், அவர்களுக்குப் பின்னால் அன்யாவும் எங்கள் வகுப்பில் பாதிப்பேரும். லோமன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன், எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். அவர் என்னிடம் குனிந்து, "என்ன நடந்தது என்று கேள்" என்றார்.

அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சாமிக்குக் கற்பூரம் காட்டினனான் எண்டு சொல்லு பிள்ளை. காத்து அடிச்சுப் பத்தீட்டுது. பிழை என்ரைதான். மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு."

அந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் நெற்றியில் திருநீற்றோடு வகுப்புக்குப் போயிருந்தேன். "உன் அப்பா உன் நெற்றியைச் சாம்பல் கிண்ணமாகப் பாவிக்கிறாரா?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. அன்யாவும் சிரித்தாள். அதே முகங்கள் இப்போது எனக்கு முன்னால் வரிசையாக நின்றன. சாமி, கற்பூரம், சூரியனைக் கும்பிட்டார் என்றெல்லாம் அந்த முகங்களுக்கு முன்னால் சொல்ல என்னால் ஏலாமல் போயிற்று. நான் ஜெர்மன் மொழியில் தெளிவாகச் சொன்னேன்: "சிகரெட் குடித்துக்கொண்டு நின்றாராம். தெரியாமல் உள்ளே போட்டுவிட்டாராம்."

சிகரெட் என்ற சொல் எல்லா மொழியிலும் ஒன்றுதான் என்பது எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை. அப்பாவின் முகம் சட்டென்று என் பக்கம் திரும்பியது. வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொட்டறியாத மனிதர். லோமனும் நம்பவில்லை. இரண்டு கிழமை கூடவே நின்றவர், ஒருதரமும் பார்த்ததில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, அப்பாவிடமே நேராகக் கேட்டார்: "சிகரெட்?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு ஜெர்மன் மொழியில் அப்போது நாற்பது சொல் தெரியும், ஆம் என்பதற்கு "யா", இல்லை என்பதற்கு "நைன்" இரண்டும் அதில் இருந்தன. நான் அவரைப் பார்க்காமல் அன்யாவின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யா" என்றார் அப்பா.

லோமன் திரும்பிப்போகும்போது, தன் ஆட்களிடம், "காய்ந்த வைக்கோலும் எண்ணெயும் கிடக்கிற என் கூடாரங்களில் இவரை எப்படி விடுவது?" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அதை நான் தமிழில் சொல்லவில்லை. திங்கட்கிழமை அப்பா சவரம் செய்து, சட்டை உடுத்தி, கீழே வாசலுக்குப் போய் நின்றார். செவ்வாய்க்கிழமையும் நின்றார். அம்மாவின் சமையலறை கட்டின இடத்திலேயே இடிந்தது. இன்னும் இரண்டு வருடம் அந்த அறையில்தான் இருந்தோம். ஊர்க்காரர்கள் அன்று மாலையே இன்னொரு சிறிய குவியலை அடுக்கித் திருவிழாவை நடத்தினார்கள், அன்யாவோடு வேறொருத்தி நடந்தாள். சாம்பலைக் கிளறிப் பார்த்த லோமன் முள்ளெலி ஒன்றும் சாகவில்லை என்று சொல்லியும் வகுப்பு கேட்கவில்லை. அந்த வருடம் முழுவதும் என் கொப்பிகளைத் திறந்தால் எங்காவது ஒரு முள்ளெலிப் படம் இருக்கும்.

இவையெல்லாம் ஆறிவிட்டன. ஆறாதது ஒன்று உண்டு. ஹைமில் இருந்த ஒரு அக்கா, "உங்கட மனுசன் சிகரெட் பத்துறவரோ?" என்று சமையலறையில் வைத்து அம்மாவிடம் கேட்டுவிட்டார். அம்மா அறைக்கு வந்து, "இஞ்சேருங்கோ, எனக்கு ஒளிச்சு எத்தினை நாளாய்?" என்று கேட்டார். அப்பா யன்னலைப் பார்த்துக்கொண்டு, "விடு" என்றார். பிள்ளையின் படிப்பு, அகதி விண்ணப்பம், நல்ல நாள் கெட்ட நாள் என்று எதையும் மறைக்காமல் பேசிக்கொண்ட இருவருக்கு நடுவில் அந்த "விடு" வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் தோய்க்கப் போடுவதற்கு முன்னால் அம்மா அப்பாவின் சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பார். கழுத்துப் பட்டியை, கைமடிப்பை, பையை. ஒன்றும் மணக்காது. ஒன்றும் மணக்கவில்லை என்றால் நன்றாக ஒளிக்கிறார் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார். மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டு நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயதிலும் பார்த்தேன், பதின்மூன்றிலும் பார்த்தேன். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு ஹனோவருக்கு வந்தோம், அப்பா ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார், செடி ஒன்றையும் திரும்பத் தொடவில்லை. அம்மாவுக்குச் சமையலறை கிடைத்தது. புருசன் தனக்கு ஒளித்துச் சிகரெட் குடித்தவர் என்று நம்பிக்கொண்டே அம்மா ஆறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போனார்.

போன மார்கழியில் அப்பாவுக்கு நெஞ்சுக்குள் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் படிவம் ஒன்றை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "புகை பிடிப்பீர்களா?" என்று வந்தபோது மொழிபெயர்க்க நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா தானே ஜெர்மன் மொழியில், "ஆம், முன்பு" என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும்போது, "ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியது அந்த ஒரு தரம்தான்.

"நீ சொன்னதை நான் எப்பிடிப் பிள்ளை பொய்யாக்கிறது" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நான் திரும்பிப்போய் அந்த டாக்டரிடம் படிவத்தைத் திருத்தச் சொல்லவும் இல்லை. பங்குனியில் அப்பா போய்விட்டார்.

இந்த வருடம் ஜூனில், அந்தச் சனிக்கிழமை பார்த்து, ஆறு மணித்தியாலம் ரயிலிலும் பஸ்ஸிலும் இருந்து அந்தக் குன்றுக்குப் போனேன். விடுதியை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். குன்றில் நெருப்பு இல்லை. காடு காய்ந்து கிடப்பதால் இப்போதெல்லாம் கோடையில் நெருப்பு வைக்க விடுவதில்லையாம். விறகு அடுக்கிய இடத்தில் நிறம் மாறும் மின்விளக்குக் கம்பம் ஒன்றை நட்டிருந்தார்கள். அதைச் சுற்றி ஓடிய பிள்ளைகள் எறிவதற்கு மஞ்சள் பூ வளையமும் இல்லை, எறிய நெருப்பும் இல்லை. பியர் மட்டும் வடிந்துகொண்டிருந்தது. வடித்தவள் அன்யா. லோமன் காலமாகிவிட்டார், கண்ணாடிக் கூடாரங்களை அவள்தான் பார்க்கிறாள். என்னை அடையாளம் கண்டு, கட்டிப்பிடித்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். நுரையீரல் என்றேன்.

"ஓ, ஆமாம்" என்றாள் வருத்தத்தோடு. "அவர் புகை பிடிப்பாரே."

அங்கேயே, பியர்க் குழாய்க்கு முன்னால் நின்று, நடந்ததைச் சொன்னேன். சூரியனுக்குக் கற்பூரம் காட்டினார், காற்று வந்தது, நான் பொய் சொன்னேன். பொய்யைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்ததோ, உண்மையைச் சொல்லவும் அவ்வளவு நேரம்தான் எடுத்தது. அன்யா குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "எங்கள் பாட்டி வருடாவருடம் தேவாலயத்து மெழுகுதிரித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, யாரும் நெருப்பு வைப்பதற்கு முன்னால் அந்த விறகுக்குள் வைத்துவிட்டுத்தான் போவார். அவர் வந்து வைக்கும்வரை என் அப்பா எல்லோரையும் நிறுத்திவைப்பார். உன் அப்பாவுக்காகவும் நிறுத்தியிருப்பார்."

பல வருடமாக ஒரு ஊருக்குப் பயந்து நான் மூடிவைத்த விஷயம், அந்த ஊருக்கு ஒரு விஷயமே இல்லை. என் பையில் அம்மாவின் கற்பூர டப்பா இருந்தது. கொளுத்த அனுமதி இல்லாததால் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தேன். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது ஒன்பது மணி தாண்டியும் வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டியது அன்யாவிடம் இல்லை, லோமனிடம்கூட இல்லை, கையில் ஒரு சட்டையை வைத்துக்கொண்டு, மேசையில் இருந்த என் பக்கம் திரும்பி, "உனக்கு ஏதும் மணக்குதே, பிள்ளை?" என்று ஒருநாள் கேட்ட அம்மாவிடம்.